பத்து மணி

காலை பத்து மணிக்கு ஸ்டான்லியில்
டாக்டர் பெவன் விசையை அழுத்துவார்.
"யாருக்கு என்ன?" என்பார்.
வணக்கம் அவ்வளவுதான்.

ஃபாக்லாந்தின் மேற்குத் தீவில்
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
ஒன்பது மைல் காற்று.
ஷெட்லாந்திலிருந்து ஆடு மேய்க்க வந்தவன் நான்,
சுவருக்கும் காது உண்டு என்பதை
இங்கேதான் நம்பினேன்.
முப்பத்தோரு வீட்டிலும் கெண்டி இறங்கிவிடும்,
நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள்,
ஹில்டாவின் மூலநோயை
தீவே உட்கார்ந்து கேட்கும்.

கேட்பது குற்றமில்லை.
கேட்டதாகக் காட்டுவதுதான்.

யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.
ரேடியோவில் விழும் மௌனங்களின் நீளத்தை வைத்து
நானாகப் படித்துக்கொண்டேன்:
முதலில் வீட்டின் பெயர். ஒரு முறைக்கு ஒரு நோய்.
நேற்றுச் சொன்னதை அடியிலிருந்து ஒப்பிக்காதே,
டாக்டருக்கு ஞாபகம் இருக்கிறது,
எங்களுக்கு அவரைவிட நன்றாகவே.
கத்தினால் சொல் உடைந்து
எண்ணெய் பொரிகிற சத்தம்தான் போய்ச் சேரும்.
"எனக்கும் அதே முதுகுவலி" என்று நடுவில் நுழையாதே,
உன் முதுகு உன் முறைக்குக் காத்திருக்கட்டும்.
முடித்ததும் ஓவர் சொல்;
சொல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும்
உன் வாசலில் தொப்பியோடு நிற்கிறோம்.

லாக்லன் ஒருமுறை
நாயின் சிரங்கைத் தன் சிரங்கென்று சொல்லி
களிம்பு வாங்கினான்.
அடுத்த மாதம் கம்பளி வெட்டும் கொட்டகையில்
ஆளாளுக்கு நாயைத் தடவி
"இப்போது தேவலையா?" என்றார்கள்.
விதி அந்த அளவுக்குத்தான் வளையும்.

ஜூன் மாதம். மூன்று நாளாக விமானம் இல்லை.
ஏவிஸ் தன் வீட்டின் பெயரைச் சொன்னாள்.
"டாக்டர், குழந்தை போய்விட்டது.
ரத்தம் நிற்கவில்லை.
ஓவர்."

அப்போதும் ஓவர் சொன்னாள்.

என் கை விசையை அழுத்தியது.
"ஏவிஸ், மனதைத் தேற்றிக்கொள்" என்றேன்.
கடவுளைப் பற்றி ஏதோ சொன்னேன்,
என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆனது,
எந்த வருடம் என்பதுகூட.

விசை ஒருவன் விரலடியில் இருக்கும்வரை
இன்னொருவர் குரல் ஏறாது.
மருந்துப் பெட்டியில் எந்த எண் குப்பி,
எத்தனை மாத்திரை என்று
டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.
என் ஆறுதலுக்கு அடியில்
அந்த எண் நசுங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடி சொல்லுங்கள்" என்றாள்,
அவரிடம்.
பத்தொன்பது. இரண்டு மாத்திரை.

பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை.
கடைக்குப் போனால் மாவு எடைபோட்டார்கள்,
காற்றைப் பற்றிப் பேசினார்கள்.

பத்து நாள் கழித்துக் குதிரையில் அந்தப் பக்கம் போனேன்.
ஏவிஸ் வீட்டுப் பின்படியில்
அடுக்கிய சதுப்புக் கரி,
துணி சுற்றிய ரொட்டி, ஓர் ஆட்டுத் தொடை,
செம்பழ ஜாம் ஏழெட்டு ஜாடி.
ஒன்றிலும் பெயர் இல்லை.
தீவு முழுக்க அவளுக்குப் பதில் போட்டிருந்தது,
அவளுக்கு மட்டும்.

என் பால்பவுடர் டப்பாவை ஓரமாக வைத்தேன்.
கதவைத் தட்டவில்லை.
திரை அசைந்தது ஆளா காற்றா,
இங்கே அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் என் முறை.
தூக்கமில்லை டாக்டர், என்று தொடங்கி
நீளமாகப் பேசிவிட்டேன்.
விசையை விட மறந்து,
அக்காவை, அந்த எண்ணை, பாதியில் பனியை,
ஒரு முறைக்கு ஐந்து நோய்.
ஒருவழியாக ஓவர்.

"ஏழாம் குப்பி. படுக்கும்முன் ஒன்று" என்றார்.

அதன்பின் ஒரு 'டிக்'.
யாரோ விசையைத் தொட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல் விட்ட சத்தம்.
விதியில் அதற்கு இடமில்லை.

யார் என்று நான் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது என்றும்
காட்டிக்கொள்ளவில்லை.

ஹில்டா தன் வீட்டின் பெயரைச் சொன்னாள்.